பூச்சில்லாத செங்கல் சுவருக்கு வெள்ளை அடிக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், இடையில் வந்து வாசிப்பவர்களுக்கும் விளங்கட்டும். 1970களின் கடைசியில் அப்பா யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் கட்டிய வீடு. முன்பக்கமும் இரண்டு பக்கச் சுவர்களும் பூச்சில்லாத செங்கல். பின்சுவர் மட்டும் சாந்து பூசி வெள்ளையடித்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டை வருகிற ஆவணியில் மகளின் கலியாணத்துக்காகத் திறக்கப் போகிறீர்கள். வேலைக்குப் பேசின பெயின்றர் "முழுக்க வெள்ளை வெதர் பெயின்ற் ரெண்டு கோட் போடுவம், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்லை" என்கிறார். மாமா "சுண்ணாம்பு காணும்" என்கிறார். நீங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருந்துகொண்டு போனில் வந்த படங்களை வைத்து யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டு தரம் வாசித்தேன். உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியவை இரண்டு விஷயம் என்று நினைக்கிறேன்: போடுகிற காசு இரண்டாவது மாரியிலேயே செதில் செதிலாகக் கழன்று விழுமா, பிடிக்காவிட்டால் பழையபடி செங்கலுக்குத் திரும்பலாமா. முதலாவதற்குப் பதில் சுவருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது, பெயின்ற் வாளியில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதில் இல்லை. இரண்டாவதற்கு, சுண்ணாம்பு என்றால் முக்கால்வாசி திரும்பலாம். பெயின்ற் என்றால் திரும்ப முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் உள்ளூராட்சிச் சபை ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். பெயின்ற் இரசாயனம் படித்தவன் இல்லை. பார்த்ததெல்லாம் சுவர்கள்: கட்டின சுவர், ஷெல் விழுந்த சுவர், திருத்தின சுவர், திருத்தினதைத் திரும்பவும் திருத்தின சுவர். அந்த அளவில்தான் இந்தப் பதில்.

செங்கல் மழையில் தண்ணீரைக் குடிக்கும், வெயிலில் அதை விட்டுவிடும். உங்கள் வீட்டுச் சுவர் நாற்பத்தைந்து வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது, ஒரு சேதமும் இல்லாமல். இதன்மேல் பிளாஸ்ரிக் போன்ற ஒரு தோலைப் போட்டால் குடிக்கிறது குறையும், ஆனால் நிற்காது. கல்லுக்கும் சாந்துக்கும் நடுவில் தலைமயிர் போல வெடிப்புகள் இருக்கும், அதற்குள்ளால் தண்ணீர் போகும். கீழே அத்திவாரத்திலிருந்தும் ஏறும். போன தண்ணீர் வெளியே வரும் வழிதான் அடைபடும். நல்ல எமல்சன் (தண்ணீரில் கரைக்கிற பெயின்ற்) ஓரளவு ஆவியை வெளியே விடும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் அது குறையும். பத்து வருடத்துக்குப் பிறகு மேலே இன்னும் இரண்டு கோட், அதன்மேல் இன்னும் இரண்டு என்று போகப்போக மூச்சுவிட இடமிருக்காது.

வெறும் தண்ணீர் என்றாலும் பரவாயில்லை. யாழ்ப்பாணத்தில் அதோடு உப்பும் சேர்ந்து வரும். கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சவர். கட்டும்போது அந்தத் தண்ணீரில்தான் சாந்து குழைத்திருப்பார்கள். கழுவாத கடல் மணலைக் கொட்டிக் கட்டின வீடுகளும் உண்டு. சுவர் காயும்போது அந்த உப்பு தண்ணீரோடு வெளிப்பக்கம் வந்து பூக்கும். வெறும் செங்கலில் அது வெள்ளைப் பொடியாக வெளியிலேயே நிற்கும், துடைத்தால் போய்விடும். பெயின்ற் இருந்தால் தோலுக்குப் பின்னால் நின்று பளிங்காகக் கட்டும், கட்டும்போது பருக்கும், பருத்துத் தோலைத் தள்ளும். எங்கேயாவது உரிந்து தொங்குகிற வெளிச்சுவர்ப் பெயின்றைக் கண்டால் ஒரு துண்டைக் கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைத் தூளும், அதோடு சிவப்பாகச் செங்கல் மாவும் ஒட்டியிருக்கும். பெயின்ற் தனியே போகவில்லை, கல்லின் மேல்தோலையும் கொண்டு போகிறது. நான் வேலை பழகின பழைய மேசன் ஒருவர் அந்தத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு "கடல் தம்பி" என்பார். சோதனைக்கு அதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியாது.

இந்த விஷயத்தில் நான் புத்திசாலி என்று நினைத்துவிடாதீர்கள். போர் முடிந்து மூன்றாம் வருடம் அரியாலையில் தங்கச்சியின் வீட்டுக்கு நானே நின்று பெயின்ற் அடிப்பித்தேன். "அண்ணை, வெளிநாட்டுக் காசுதானே, நல்ல சாமான் போடுவம்" என்று பெயின்றர் சொன்னார், எனக்கும் ஆசை. பழைய சுண்ணாம்பு அடுக்கடுக்காக இருந்த சுவரில் மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு விலை கூடின பெயின்றைப் போட்டோம். சித்திரையில் கண்ணைப் பறிக்கிற வடிவு. அடுத்த மார்கழியில் கிழக்குச் சுவரில் கொப்புளம் கொப்புளமாக வந்தது. தங்கச்சியின் சின்ன மகன் பள்ளிக்கூடத்தால் வந்ததும் ஒவ்வொன்றாக விரலால் குத்தி உடைப்பான், உள்ளிருந்து தண்ணீர் வடியும். பெயின்றில் பிழை இல்லை, பெயின்றரிலும் பெரிய பிழை இல்லை. சுவரைக் கேட்காமல் அடித்தது நான்.

அதனால் முதலில் சுவரைக் கேளுங்கள். கண்ணாடி போன்ற பொலித்தீன் தாளில் இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, நாலு விளிம்பும் காற்றுப் போகாமல் ரேப் போட்டு, ஒரு நாள் முழுக்கச் சுவரில் ஒட்டிவிடச் சொல்லுங்கள். நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, நெஞ்சளவில் ஒன்று, கூரைக்குக் கீழே ஒன்று. அடுத்த நாள் தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. கீழே மட்டும் வியர்த்தால் நிலத்திலிருந்து ஏறுகிறது, அது பெரும்பாலும் இடுப்பளவுக்குள் நிற்கும். மேலே வியர்த்தால் கூரைத் தண்ணீரைக் கொண்டுபோகிற பீலியையும் கூரை ஓடுகளையும் பாருங்கள். இதை மாசி பங்குனியில் ஒருதரம், முடிந்தால் மழை விட்ட கையோடு இன்னொருதரம் செய்யவேண்டும். பின்சுவரில் இன்னொரு சோதனை: உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பார்க்கவேண்டும். கை வெள்ளையானால் அந்தச் சுவரில் எந்தப் பெயின்றும் நிற்காது, மாவின்மேல் தாளை ஒட்டினது போலத்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது பெயின்ற் வேலையை விடப் பெரிய வேலை, ஆனால் செலவு குறைவு. நீங்கள் அனுப்பின மூன்றாவது படத்தில் வலப்பக்க மூலையில் ஒரு கறுப்புப் பட்டி மேலிருந்து கீழே இறங்குகிறது பாருங்கள், அது பாசி. நேர் மேலே பீலி உடைந்திருக்கவேண்டும், அல்லது வேப்பஞ் சருகு அடைத்து நிரம்பி வழியவேண்டும். அதே சுவரின் அடியில் யாரோ மண்ணை அணைத்துக் குரோட்டன் நட்டிருக்கிறார்கள். பூட்டின வீட்டுக்குப் பூமரம் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை, ஆனால் அந்த மண் அத்திவாரத்துக்கு மேலே, செங்கலின் முதல் இரண்டு வரிக்கு மேலே நிற்கிறது. அதை அள்ளி எடுத்து, சுவரைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாக நிலத்தை இறக்கினாலே ஒரு மாரிக்குள் வித்தியாசம் தெரியும். தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிகிற குழாய் எங்கே கொட்டுகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாசியை எடுக்க வேலைக்காரர் பிறஷர் மெசினைக் கொண்டு வருவார், விடவேண்டாம். அது கல்லுக்கு நடுவே உள்ள சாந்தைக் கிளப்பிவிடும், சுவரையும் ஒரு மாரி மழை அளவுக்கு நனைத்துவிடும். அசிட் ஊற்றுகிறவர்களும் உண்டு. அசிட் சாந்தைத் தின்னும், உப்பையும் கூட்டும். தேய்ப்புத் தும்பு, தண்ணீர், பிடிவாதமான இடத்தில் கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளை ஐதாகக் கரைத்து ஒரு பூச்சு, பத்து நிமிடத்துக்குப் பிறகு நல்ல தண்ணீரால் கழுவல், அவ்வளவு போதும். குளோரினும் அசிட்டும் ஒரே நாளில் ஒரே வாளிக்குக் கிட்ட வரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். உப்புப் பூத்த இடத்தைக் காய்ந்த பிறஷால் தட்டி, கூட்டி அள்ளி வெளியே கொட்டவேண்டும். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும்.

சரி, செங்கல் சுவருக்கு என்ன செய்வது? என் கருத்தைக் கேட்டால், ஒன்றும் செய்யாதீர்கள். எங்கள் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். பழைய வீடுகள் அந்தக் கல்லிலும், பிறகு வந்தவை பெரும்பாலும் சீமெந்துக் கல்லிலும்தான். 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கின பிறகு அது கைக்கெட்டின சாமானும் ஆகிவிட்டது. அப்படியிருக்க உங்கள் அப்பா வன்னிப் பக்கமிருந்து லொறிக் கூலி கொடுத்துச் செங்கல் இறக்கி, அதைப் பூசாமலே விட்டிருக்கிறார். படத்தில் சாந்துக் கோடுகள் நூல் பிடித்தது போல நேராக இருக்கின்றன. பூசி மறைக்கப் போகிற சுவரை எந்த மேசனும் அப்படிக் கட்டமாட்டான். கலியாணப் படத்துக்கு வெள்ளை வேண்டும் என்றால் வாசல் தூண், யன்னல் ஓரம், மதில் என்று பூசின இடம் நிறைய இருக்கிறது. சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை எப்படி எடுக்கும் என்று நல்லூர்க் கோயில் மதிலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, கொக்குவில் செம்பாட்டு நிலம். கூரையிலிருந்து விழுகிற மழை நிலத்தில் அடித்துத் தெறிக்கும்போது வெள்ளைச் சுவரின் கீழ் இரண்டடி முதல் மழையிலேயே சிவப்புப் பாவாடை கட்டிவிடும். அதற்காகத்தான் ஊரில் வீடுகளின் அடியில் கறுப்பாகவோ சாம்பலாகவோ ஒரு பட்டி அடிப்பார்கள். சிலர் அதைத் தாரால் அடிப்பார்கள், அது கூடாது. கீழே அடைபட்ட ஈரம் தாருக்கு மேலால் ஏறி வெளியே வரப் பார்க்கும்.

வீட்டில் எல்லோரும் வெள்ளைதான் என்று நின்றால், மாமா சொன்னது சரி: சுண்ணாம்பு. அது தோல் இல்லை. காற்றில் உள்ள கரியமிலவாயுவை இழுத்துத் திரும்பவும் கல்லாகிற சாமான், செங்கலின் துளைக்குள் போய்ப் பிடிக்கும், ஈரத்தையும் வெளியே விடும். உரிந்து தொங்காது, மாவாகத் தேய்ந்து போகும். ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள் திரும்ப அடிக்கவேண்டி வரும், வாடைக்காற்று மழையை அடிக்கிற வடகிழக்குப் பக்கம் முதலில் போகும். ஆளில்லாத வீட்டுக்கு அது ஒரு குறைதான், ஒளிக்கவில்லை.

சுண்ணாம்பு அடிக்கத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு, அதனால் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன். பையில் வருகிற தூள் பழசானால் வெறும் சோக்குத் தூள்தான். ஒரு கரண்டித் தூளில் தேசிக்காய் பிழிந்து பாருங்கள். பொங்கி நுரைத்தால் வேண்டாம். நல்ல நீற்றின சுண்ணாம்பு, அதாவது சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டு உடைத்தது, பெரிதாக நுரைக்காது. சுட்ட கல்லாக வாங்கி வீட்டிலேயே நீற்றுவது இன்னும் நல்லது. பீப்பாவில் தண்ணீரை முதலில் விட்டு, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். கல்லின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் கண் போனது போலத்தான், பட்டவுடன் நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கண்ணாடி போடாத ஒருவரையும் பீப்பாவுக்குக் கிட்ட விடாதீர்கள். கைக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வார்கள், அதோடு கையுறையும் இருக்கட்டும். நீற்றினதை ஒரு கிழமையாவது தண்ணீருக்குள் மூடி வைத்து, பழைய வேட்டித் துணியால் வடித்து, பால் பதத்துக்குக் கரைக்கவேண்டும். பால் என்றால் பால்தான், தயிர் இல்லை.

இங்கேதான் பெயின்றருக்கும் உங்களுக்கும் சண்டை வரும். முதல் கோட் அடித்தவுடன் சுவரில் ஒன்றுமே தெரியாது, தண்ணீர் தெளித்தது போல இருக்கும். "அண்ணை, இது பிடிக்கேல்லை" என்று சொல்லித் தடிப்பாகக் கரைப்பார். பொறுக்கவேண்டும். காயக் காய வெள்ளை தானாகவே கிளம்பி வரும். தடிப்பாக அடித்தால் அன்றைக்கு வடிவாக இருக்கும், பிறகு வெடித்துத் தூளாகக் கொட்டும். அடிக்கமுதல் சுவரை நனைக்கவேண்டும், தண்ணீர் வழியாத அளவுக்கு. காலை வெயில் ஏறமுதல், அல்லது சுவரில் நிழல் விழுந்த பிறகு அடிக்கவேண்டும். கோட்டுக்குக் கோட் ஒரு நாள் இடைவெளி விட்டு, செங்கல் என்றால் குறைந்தது நாலு கோட். றோலர் சரிவராது. பரந்த பிறஷ் வேண்டும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பொங்கலுக்கு முதல் தாழை விழுதைத் தட்டி நசுக்கித்தான் பிறஷ் செய்வார்கள். இப்போது கடையில் கிடைக்கிற தும்புப் பிறஷ் போதும். கொஞ்சம் சலவை நீலம் போட்டால் பழுப்பு முறியும், கூடப் போனால் பள்ளிக்கூடச் சீருடை மாதிரி ஆகிவிடும்.

அதற்குள் என்ன கலப்பது என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு. அரிசிக் கஞ்சி, பனங்கட்டித் தண்ணீர், வெள்ளைப் பசை, ஒரு பிடி உப்பு. மேலே சொன்னவற்றைப் போல இதை அடித்துச் சொல்லமாட்டேன். பசை சேர்த்தால் கையில் ஒட்டுவது குறையும் என்பதை நான் பார்த்திருக்கிறேன், கூடிப்போனால் அதுவும் ஒரு தோலாகிவிடும். கஞ்சி மழைக்காலத்தில் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. உப்பு சுண்ணாம்பை மெதுவாகக் காயவைக்கும் என்று போடுவார்கள், ஆனால் ஏற்கெனவே உப்புள்ள சுவருக்கு நான் போடமாட்டேன். சுண்ணாம்பு நல்லதாக இருந்து மெல்லிசாக அடித்தால் ஒன்றும் கலக்காமலே நிற்கும்.

பின்சுவருக்கு வருவோம். அங்கே நாலு தசாப்தச் சுண்ணாம்பு இருக்கிறது. தொடர்ந்து சுண்ணாம்பே அடித்தால் தளர்ந்ததை மட்டும் சுரண்டினால் போதும். எமல்சன்தான் வேண்டுமென்றால் கை வெள்ளையாகாத மட்டத்துக்குச் சுரண்டி எடுக்கவேண்டும், நாட்கூலி அங்கேதான் போகும், அங்கேதான் குறுக்குவழியும் நடக்கும். அதன் பிறகு காரம் தாங்குகிற பிரைமர் (அடிப்பூச்சு) ஒன்று, பளபளப்பில்லாத வெளிச்சுவர் எமல்சன் இரண்டு கோட். எண்ணெய்ப் பெயின்ற் வேண்டவே வேண்டாம். வெளிச்சுவருக்குப் புட்டி (சுவரை மட்டமாக்கப் பூசுகிற பசை) இழுக்கவும் விடாதீர்கள். ஷெல் துண்டு பட்ட ஓட்டைகளைச் சீமெந்தால் அடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இடங்கள் எதை அடித்தாலும் வேறு நிறமாகத் தெரியும், சுற்றிலும் மெல்லிய வெடிப்பும் வரும். புதிதாக அடைக்கிறதென்றால் சீமெந்தைக் குறைத்துச் சுண்ணாம்பு சேர்த்த சாந்தால் அடைத்து, நாலு கிழமையாவது விட்டுத்தான் மேலே எமல்சன் போடவேண்டும். பச்சைச் சீமெந்தின் காரம் பெயின்றைத் தின்னும்.

அளவு கேட்டிருந்தீர்கள். மட்டமான பூச்சில் ஒரு லீற்றர் எமல்சன் ஒரு கோட்டுக்குப் பத்துச் சதுர மீற்றர் மட்டில் போகும். வெறும் செங்கலில் அதில் பாதி போனாலே பெரிய விஷயம், குழிகளும் கோடுகளும் குடித்துவிடும். பெயின்றர் தந்த கணக்கு மட்டமான சுவருக்கு உரிய கணக்கு. அதை நம்பி வாங்கினால் நடுவில் முடியும், முடிந்த இடத்தில் தண்ணீர் கலப்பார்கள்.

நாள் கணக்கைப் பற்றி: ஆவணிக் கலியாணம் என்றால் தை மாசியில் பீலி, மண், பாசி. பங்குனி முழுக்கச் சுவர் காயட்டும். சித்திரையில் அடிக்கலாம். வைகாசியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) பிடித்துவிட்டால் செம்பாட்டுப் புழுதி ஈரப் பெயின்றில் ஒட்டும். கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்க அடிப்போம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கதவு, யன்னல் கம்பிகளில் உள்ள பழைய எனாமலைக் காய்ந்தபடி உரஞ்ச விடவேண்டாம், அந்தக் காலத்துப் பெயின்றில் ஈயம் இருக்கலாம். நனைத்துத்தான் உரஞ்சவேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

படத்தை வைத்து இவ்வளவுதான் சொல்லலாம். செங்கல் நன்றாக வெந்ததா, சாந்து கையால் கிள்ளினால் உதிருகிறதா என்பது நேரே நின்று பார்த்தால்தான் தெரியும். சாந்து உதிர்ந்தால் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் முதல் அதைக் கீறி எடுத்து நிரப்பும் வேலை இருக்கிறது. மாமாவிடம் சொல்லி ஒரு பழைய திறப்பால் (சாவியால்) மூன்று நாலு இடத்தில் சாந்துக் கோட்டைக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்று கட்டாயம் அந்தக் குரோட்டன் நிற்கிற மூலையில், நிலத்துக்குக் கிட்ட. பொலித்தீன் ஒட்டின மூன்று இடங்களின் படத்தையும் அந்தக் கீறலின் படத்தையும் கிட்டே வைத்து எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.